ஜீப்பை நசுக்கும் முன் பானட்டைத் திறந்து பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பழைய வாகனங்களைக் கழித்துக்கட்டுவது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். பதினைந்து ஆண்டு ஓடிய வண்டியை நசுக்கத்தான் வேண்டும், அதைப் பிடித்து வைத்துக்கொண்டு சீர்செய்வதெல்லாம் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்ற தொனியில் கட்டுரையாளர் எழுதியிருந்தார். லட்சக்கணக்கில் செலவழித்துப் பளபளப்பாக்கிப் பேரணிக்கு அனுப்பும் கார்களை நானும் படத்தில் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் எங்கள் மலையடிவாரத்தில் நடப்பது வேறு. அதை யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் போடிநாயக்கனூரில் இருக்கிறேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். ஓய்வூதியம்தான் வருமானம். தம்பி மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். நாங்கள் இருவரும், உத்தமபாளையத்தைச் சேர்ந்த ஒரு வயதான மெக்கானிக்கும் சேர்ந்து, எங்கள் வீட்டு ஷெட்டிலேயே அப்பாவின் ஜீப்பை நட்டு நட்டாகப் பிரித்துச் சரிசெய்து மறுபடி ஓட வைத்திருக்கிறோம். மொத்தச் செலவு, இன்று ஒரு புதுக் காருக்குக் கட்டும் முன்பணத்தைத் தாண்டவில்லை. இதில் வசதி எங்கே வந்தது என்று தெரியவில்லை.

வண்டி 1971 மாடல், மகிந்திரா சி.ஜே.3பி. முதலில் அது ஓர் அரசுத் துறையின் ஜீப். பதினைந்து ஆண்டு ஓடி, இனி உதவாது என்று கண்டம் செய்யப்பட்டு ஏலத்துக்கு வந்தபோது அப்பா எடுத்தார். கேரளத்தில் பூப்பாறைப் பக்கம் எங்களுக்குச் சின்ன ஏலக்காய்த் தோட்டம் ஒன்று உண்டு. உரமும் ஆளும் ஏற்றிப் போக வண்டி வேண்டியிருந்தது. ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் மதுரை மாவட்டம் என்றுதான் இருக்கிறது. தேனி மாவட்டம் வந்ததே 1996-இல்தானே. ஆக, அரசாங்கம் ‘இது முடிந்துவிட்டது’ என்று கைகழுவிய வண்டி எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு ஒரு தலைமுறைக் காலம் உழைத்திருக்கிறது. இதைக் கட்டுரையாளர் கொஞ்சம் மனதில் வைக்க வேண்டும். நான் சொல்ல வருவதும் பெரும்பாலும் இதைச் சுற்றித்தான்.

ஜீப்பின் பூர்வீகம் பலருக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்க ராணுவம் கேட்டதற்காக 1940-இல் பென்சில்வேனியாவில் பேண்டம் என்ற சின்ன கம்பெனி முதல் மாதிரியைச் செய்தது. போருக்கு லட்சக்கணக்கில் செய்து கொடுத்தவர்கள் வில்லிஸும் ஃபோர்டும். போர் முடிந்ததும் வில்லிஸ் அதையே விவசாயிக்கான வண்டியாக மாற்றி விற்றது. நம் நாட்டில் 1945-இல் மகிந்திரா அண்டு முகமது என்று தொடங்கிய கம்பெனி 1947-இல் ஜீப்பைக் கொண்டுவந்து பூட்ட ஆரம்பித்தது. அந்த முகமது பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானுக்குப் போய் அங்கே கவர்னர் ஜெனரலாகவே ஆனார். அதன் பிறகுதான் கம்பெனியின் பெயர் மகிந்திரா அண்டு மகிந்திரா. சி.ஜே.3பி என்பது 1953-இல் வந்த மாடல். அமெரிக்காவில் அதை 1968-இல் நிறுத்திவிட்டார்கள். இங்கே அதற்குப் பிறகும் வெகுகாலம் செய்தார்கள்.

இந்த மாடலுக்குப் பானட் உயரம். பார்த்தவுடனே தெரியும். அழகுக்காகச் செய்ததில்லை. பழைய இன்ஜினில் உறிஞ்சும் வால்வு, புகை தள்ளும் வால்வு இரண்டும் பிளாக் என்ற இன்ஜின் அடிக்கூட்டிலேயே பக்கவாட்டில் இருந்தன. புது இன்ஜினில் உறிஞ்சும் வால்வை மேலே ஹெட் என்ற மூடிப் பகுதிக்குக் கொண்டுபோய்விட்டு, புகை வால்வைக் கீழேயே விட்டார்கள். காற்றும் பெட்ரோலும் நேராக இறங்குவதால் அதே 2.2 லிட்டரில் சக்தி கூடியது, இன்ஜின் உயரமும் கூடியது. உயரமான இன்ஜினை மூட உயரமான பானட். பாடி முழுவதையும் மாற்றாமல் பானட்டை மட்டும் தூக்கிவிட்டார்கள். ‘ஏன் இது இப்படி இருக்கிறது’ என்று கேட்டால் உடனே பதில் சொல்கிற வண்டி இது. முப்பது வருஷம் வகுப்பறையில் நின்றவளுக்கு இதைவிடப் பிடித்தமான பொருள் வேறென்ன கிடைக்கும்?

போடி, தேவாரம், கம்பம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஜீப் என்பது ஊர்வலப் பொருள் கிடையாது. விடிவதற்கு முன்பே தூக்குவாளியோடு பெண்கள் நிற்பார்கள். ஜீப்புகள் அவர்களை ஏற்றிக்கொண்டு இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும். எங்கள் ஊரிலிருந்து என்றால் முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, போடிமெட்டு. அங்கே விளைந்த காய் இங்கே போடியில் நறுமணப் பொருள் வாரிய ஏலத்துக்கு வந்து சேரும். கொழுக்குமலை தேயிலைத் தோட்டம் நம் தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்தில் சூரியநெல்லி போய், அங்கிருந்து ஜீப்பில்தான் ஏற வேண்டும். பாறையும் பள்ளமுமான அந்தத் தடத்தில் ஏறுபவை பெரும்பாலும் பழைய மகிந்திரா ஜீப்புகள்தான்.

ஏன் அவற்றால் முடிகிறது என்று என் மாணவர்களுக்குக் கணக்காகவே போட்டுக் காட்டுவேன். முதல் கியரின் விகிதம் 2.798. கீழே இன்னொரு கியர்பெட்டி இருக்கிறது, அதில் மெதுவான கியருக்கு 2.46. கடைசியில் சக்கர அச்சான ஆக்சிலில் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37. அதாவது இன்ஜின் 37 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. வேகம் அத்தனை மடங்கு குறைகிறது, திருகுவிசை ஏறக்குறைய அத்தனை மடங்கு கூடுகிறது, அதுவும் நான்கு சக்கரத்துக்கும் போகிறது. நெம்புகோல் பாடத்தில் வரும் கதைதான், பற்சக்கரத்தில் நடக்கிறது. இந்த மெதுவான கியர், முன் ஆக்சிலை இணைத்தால் ஒழிய விழாது. எல்லாப் பளுவும் பின் ஆக்சில் மீது மட்டும் விழுந்து உடைந்துவிடக் கூடாது என்று அப்படி ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போடக் கூடாது என்பதற்கும் காரணம் உண்டு. வளைவில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடுகின்றன, முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள டிஃபரென்ஷியல் என்ற பற்சக்கர அமைப்பு இல்லை. சேற்றில் டயர் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்காது, பல்தான் உடையும்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

அப்பா போன பிறகு வண்டி ஷெட்டிலேயே வருஷக்கணக்கில் நின்றது. தரைத் தகட்டுக்கும் அதற்கு அடியில் குறுக்காக ஓடும் தாங்கிக்கும் நடுவே மண் தங்கி, ஈரம் குடித்து, தகடு விரலால் குத்தினால் உதிர்ந்தது. டிங்கர் ஒருவர் வந்து கெட்ட இடத்தை வெட்டி எடுத்து, புதுத் தகடு பற்றவைத்துக் கொடுத்தார். தகடு, பெயின்ட், சீட் வேலையெல்லாம் பணம் கொடுத்தால் நடக்கிற வேலை. அதைப் பற்றி எழுதி உங்கள் இடத்தை நிரப்ப விரும்பவில்லை. பாடியைப் பளபளப்பாக்கிவிட்டு பிரேக்கைத் தொடாமல் விட்ட வண்டிகளையும் நான் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் அது சீரமைப்பே இல்லை, ஒப்பனை.

நாங்கள் பிரேக்கில்தான் தொடங்கினோம். இந்த வண்டியில், பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே ஒன்று, நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்ப் பாதை. எங்காவது ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கும் போச்சு. போடிமெட்டிலிருந்து இறங்கும்போது அப்படி ஆனால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே குழாய், ஹோஸ், வீல் சிலிண்டர், ஷூ எதையும் ‘இது பரவாயில்லை’ என்று விடாமல் எல்லாவற்றையும் மாற்றினோம். பிரேக் ஆயில் ஊற்றும் மூடி டிரைவர் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. அந்த இடத்தைத் துடைக்காமல் திறந்தால் காலில் ஒட்டி வந்த மண் அப்படியே உள்ளே விழும். திறக்கும் முன் தம்பி பிரஷ் வைத்துத் தட்டி, துணியால் துடைத்து, ஊதிவிட்டுத்தான் மூடியில் கை வைப்பான்.

இன்னொரு விஷயத்தை ஜீப் வைத்திருப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இதன் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது. கியர்பெட்டிக்குப் பின்னால், பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டைப் பிடிக்கிறது. அந்தத் தண்டுக்கும் இரண்டு பின் சக்கரங்களுக்கும் நடுவில் டிஃபரென்ஷியல் இருக்கிறது. அதனால் ஒரு பின் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டால், தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுழல, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருளும். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தும் வண்டி நகரும். டயருக்குக் கட்டை கொடுக்காமல் யாரும் இந்த வண்டிக்கு அடியில் போகக் கூடாது.

அடுத்தது ஸ்டியரிங். பழைய ஜீப் ஓட்டியவர்களுக்குத் தெரியும், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் பள்ளத்தில் இறங்கி ஏறினால் முன் சக்கரம் இரண்டும் படபடவென்று அடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும். பலர் டயரை மாற்றுவார்கள், அலைன்மென்ட் பார்ப்பார்கள். பெரும்பாலும் நோய் கிங்பின்னில், அதாவது முன் சக்கரம் திரும்பும் முளையில், இருக்கும். சக்கரத்தைத் திருப்பும் அந்த உருண்டைக் கூட்டுக்கு மேலேயும் கீழேயும் ஒரு பேரிங் இருக்கிறது. அவை தேய்ந்தால் கூடு ஆடும். புது பேரிங் போட்டால் மட்டும் போதாது, எவ்வளவு இறுக்கமாக உட்கார வேண்டும் என்பதை ஷிம் என்ற மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் சரிசெய்ய வேண்டும். ஷிம் கூடினால் ஆட்டம் இருக்கும். குறைந்தால் இறுகி, ஸ்டியரிங் திருப்பியது திருப்பியபடி நிற்கும், தானாக நேராகாது.

அளவு கையேட்டில் இருக்கிறது. ஆயில் சீலைக் கழற்றி வைத்துவிட்டு, கூட்டின் கையில் ஸ்டியரிங் ராடு மாட்டும் துளையில் வில் தராசை மாட்டி இழுத்தால், அது திரும்ப 12 முதல் 16 பவுண்டு வரை விசை கேட்க வேண்டும். வில் தராசு என்றால் எனக்குச் சொல்ல வேண்டுமா? வீட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் உத்தமபாளையத்து மெக்கானிக்கை ‘பாய்’ என்றுதான் கூப்பிடுவோம். பாய் சிரித்தார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. பன்னிரண்டு வயதில் பட்டறையில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, அப்புறம் ஸ்பானர் பிடித்தவர். “டீச்சர், தராச ஓரமா வைங்க. மொதல்ல கை பாக்கட்டும்” என்றார்.

கூட்டை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் திருப்பினார். மேல் மூடியைக் கழற்றி ஒரு ஷிம்மை எடுத்தார். மூடியைப் பூட்டித் திருப்பினார். உதட்டைப் பிதுக்கிவிட்டு, எடுத்ததைவிட மெல்லிசான ஒன்றை டப்பாவில் தேடி, விரலுக்கு நடுவில் உரசிப் பார்த்து உள்ளே வைத்தார். மறுபடி பூட்டி, கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார். “இப்ப மாட்டுங்க டீச்சர்.” மாட்டி இழுத்தேன். முள் 6 கிலோவைத் தாண்டி ஒரு கோடு போனதும் கூடு திரும்பியது. பவுண்டுக் கணக்கில் 14-ஐ ஒட்டி. கையேட்டுக்காரன் கேட்ட அளவுக்கு நட்டநடு. இடது பக்கமும் அப்படியே.

பாய் அந்தக் கையேட்டைப் படித்ததில்லை. அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரும் படித்திருக்க மாட்டார். அறுபது வருஷமாகக் கையில் ஏறிய அளவு அது. அவர் பையன் திருப்பூரில் வேறு வேலைக்குப் போய்விட்டான். பட்டறையில் கூட நிற்பதற்கு ஆள் கிடையாது. இன்றைக்குப் போடியிலும் கம்பத்திலும் கிங்பின் ஷிம் வைக்கத் தெரிந்தவர்கள் என்று தேடினால் எல்லோரும் அவர் வயதுக்காரர்களாகத்தான் இருக்கிறார்கள். எனக்கு இதுதான் உறுத்தல். ஜீப் போனால் இரும்புதான் போகிறது, இரும்பை மறுபடி உருக்கிக்கொள்ளலாம். இந்தக் கை போனால் யாரிடம் போய்க் கேட்பது?

இன்ஜின் வேலை பற்றிக் கொஞ்சம். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து (போரிங்), புது பிஸ்டனும் ரிங்கும் போட்டோம். டேப்பட் கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கு விட வேண்டிய இடைவெளி, இதில் இரண்டு விதம்: மேலே இருக்கும் உறிஞ்சும் வால்வுக்கு 18 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ), கீழே இருக்கும் புகை வால்வுக்கு 16 தௌ. மேலே உள்ளதை மட்டும் பார்த்துவிட்டு, பக்கவாட்டு மூடியைத் திறக்கச் சோம்பல்பட்டு விட்டுவிடும் பட்டறைகள் நிறைய. புகை வால்வு கருகிப் போவது அப்படித்தான். டெல்கோவை (பிளக்குகளுக்குத் தீப்பொறி பிரித்துக் கொடுப்பது), டைனமோவை, செல்ஃப் மோட்டாரைத் தம்பி தன் கடையிலேயே பிரித்துக் கட்டினான். பேரிங்குகளுக்கு எண்ணைச் சொன்னால் மதுரையிலேயே கிடைத்தது. கிடைக்காத சில சாமான்களுக்குக் கோவை உக்கடத்துக்கும் சென்னை புதுப்பேட்டைக்கும் போனோம். புஷ் போன்றவற்றை லேத்தில் கடைந்துகொண்டோம். ஐம்பது வருஷத்துப் பழைய வண்டிக்கு உதிரிபாகம் கிடைக்காதே என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், இந்த வண்டிக்குக் கிடைக்கிறது. பின்னால் வந்த மாடல்கள் பலவும் இதே எலும்பின் மேல் வந்தவை.

பெட்ரோலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2025-இல் நாடு முழுவதும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. கரும்பு விவசாயிக்கு நல்லது, இறக்குமதி குறையும், நான் எதிர்க்கவில்லை. ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அதன் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அளவு ஜாடியில் 10 மில்லி தண்ணீர் ஊற்றி, அதன் மேல் 90 மில்லி பெட்ரோல் ஊற்றிக் குலுக்கி வையுங்கள் (அடுப்புப் பக்கம் வேண்டாம்). கீழே 10 மில்லியாக இருந்த தண்ணீர் 25-க்கு மேல் ஏறி நிற்கும். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிட்டது. இந்த ஜீப்பின் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில், இரும்பில் செய்தது. வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் காற்றின் ஈரத்தை எத்தனால் இழுத்து, அடியில் தேங்கி, டேங்க் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். பம்ப் டயாஃபிரம், ஹோஸ், கார்புரேட்டர் ரப்பரெல்லாம் பழைய சரக்காக இருந்தால் ஊறிப்போகும். நாங்கள் எத்தனால் தாங்கும் ஹோஸும் டயாஃபிரமும் போட்டோம். கொஞ்சமாகப் பெட்ரோல் போட்டு, போட்டதை ஓட்டித் தீர்த்துவிடுகிறோம்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 2021-இல் எங்கள் ஜீப்புக்கு ஐம்பது வயது. அதே ஆண்டு ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிய மாற்றம் இல்லாமல் மூலவடிவில் இருந்தால் ‘விஏ’ என்ற எழுத்தோடு தனி எண் கொடுப்பார்கள். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும், அதன் பின் புதுப்பிக்க 5,000 ரூபாய். நல்ல விதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எண் வாங்கினால் வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க, அவ்வளவுதான். எங்கள் ஜீப் தோட்டத்துக்கு உரம் ஏற்றிப் போகிற ஜீப். அதனால் விஏ வேண்டாம் என்று சாதாரணப் பதிவிலேயே, ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பித்து வைத்திருக்கிறோம். அதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 ஆண்டு கடந்த இலகுரக வண்டிகளுக்கு 10,000 ஆனது.

கட்டணத்தைக் கூடக் கட்டிவிடலாம். என் வருத்தம், வண்டியின் வயதைப் பார்க்கும் அளவுக்கு நிலையைப் பார்ப்பதில்லை என்பதுதான். பிரேக்கைச் சோதியுங்கள். ஸ்டியரிங்கை ஆட்டிப் பாருங்கள். புகையை அளந்து பாருங்கள். தேறாத வண்டியை நிறுத்துங்கள், அது அப்பா வண்டியாகவே இருந்தாலும் நான் மறுபேச்சுப் பேச மாட்டேன். பழைய கார்புரேட்டர் இன்ஜின் புது இன்ஜினைவிட அதிகம் புகை விடும் என்பது உண்மை. இயற்பியல் படித்தவள் அதை மறுக்க முடியாது. தலைநகரில் லட்சக்கணக்கான வண்டிகள் நாள் முழுக்க ஓடுவதும், மலையில் ஒரு ஜீப் வாரத்துக்கு ஒருமுறை தோட்டத்துக்குப் போய் வருவதும் ஒன்றா என்றுதான் கேட்கிறேன்.

மேற்கு வங்கத்தில் மானேபஞ்சன் என்ற சின்ன ஊரிலிருந்து சந்தக்பூ மலையுச்சிக்கு வெள்ளைக்காரர்கள் தோட்டங்களில் விட்டுப்போன லேண்ட் ரோவர் வண்டிகளைப் பல பத்தாண்டுகளாக ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள் அந்த ஊர் டிரைவர்கள். 1950-களின் வண்டிகள். கற்கள் பதித்த செங்குத்துப் பாதை. அவை ஓடியதற்குக் காரணம் இங்கிலாந்தில் இல்லை, அந்த ஊர்ப் பட்டறைகளில் இருந்தது. நம் ஏலமலைப் பட்டறைகளும் அதே ஜாதிதான், அவற்றைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை.

இப்போது அரசு வண்டிகள். 2023 ஏப்ரல் 1 முதல், மத்திய, மாநில அரசுகள், உள்ளாட்சி அமைப்புகள், போக்குவரத்துக் கழகங்கள், பொதுத்துறை நிறுவனங்களின் வண்டிகள் 15 ஆண்டு முடிந்தால் பதிவு தானாகக் காலாவதியாகிவிடும். நாட்டின் பாதுகாப்புக்கும் சட்டம் ஒழுங்குக்கும் உள்ள சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு. பழையபடி ஏலம் விட்டு ஓட்டக் கொடுக்க முடியாது, பதிவு பெற்ற கழிவு மையத்தில் நசுக்கத்தான் வேண்டும். இந்த விதி அன்றைக்கு இருந்திருந்தால் எங்கள் ஜீப் 1986-லேயே இரும்புக் கட்டியாகியிருக்கும். அதன் பிறகு அது சுமந்த உரமும், ஏலக்காய் மூட்டையும், மழையில் பிரசவத்துக்கு இறக்கிக் கொண்டுவந்த பெண்களும் வேறு எப்படி வந்து சேர்ந்திருப்பார்கள்?

விதியையே எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை, ஒரு சின்ன விலக்குப் போதும். ரோட்டில் ஓட்டவே வேண்டாம். அரசு அலுவலக வளாகங்களில் வேப்ப மரத்தடியில் டயர் மண்ணில் புதைந்து நிற்கிற ஜீப்புகளில், இன்ஜினும் ஆக்சிலும் முழுசாக இருப்பவற்றில் ஒன்றிரண்டை மாவட்டத்துக்கு ஒரு அரசு ஐ.டி.ஐ.க்குக் கொடுங்கள். பதிவை ரத்து செய்துவிட்டு, சேஸிஸ் எண்ணை அழித்துவிட்டு, பாடப் பொருளாகக் கொடுங்கள். மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவில் இரண்டு வருஷம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து மேம்படுத்தி, ரோபோவும் மின்வாகனமும் கொண்டுவந்திருக்கிறது. மனதாரப் பாராட்டுகிறேன், அது வேண்டும். அதன் பக்கத்திலேயே ஒரு ஜீப்பும் நிற்கட்டும். புது வண்டியில் பானட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. ஜீப்பில் கண்ணுக்கு முன்னால் இன்ஜின், கீழே குனிந்தால் கியர்பெட்டி, அதிலிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் ஓடும் தண்டுகள். ஒரு ஸ்பானர் செட்டும் ஒரு ஜாக்கியும் இருந்தால் பதினேழு வயதுப் பையனோ பெண்ணோ முழு வண்டியையும் பிரித்துப் பார்த்துத் திரும்பப் பூட்டலாம். பூட்டியது சரியா என்று ஓட்டிப் பார்த்தாலே வண்டி சொல்லிவிடும்.

பெண்ணோ என்று வேண்டுமென்றே எழுதினேன். எங்கள் ஷெட்டில் வேலை நடந்தபோது என் பழைய மாணவிகள் இரண்டு பேர் வந்து நின்று பார்த்தார்கள். முதல் வாரம் டார்ச் பிடித்தார்கள். அப்புறம் வீல் சிலிண்டரைத் தாங்களே பிரித்துக் கழுவி மாட்டினார்கள். அதில் ஒருத்தி இப்போது ஐ.டி.ஐ.யில் இதே பிரிவில் சேர்ந்திருக்கிறாள். “அங்கே வெட்டிக் காட்டுற மாடல்தான் டீச்சர் இருக்கு, கழட்ட விட மாட்டாங்க” என்று போனில் சொன்னாள்.

அப்படியே பாய் போன்றவர்களை வாரத்துக்கு ஒரு நாள் கௌரவ ஆசிரியராக அழைத்து, நாள் சம்பளம் கொடுக்க அரசாணை ஒன்று போடலாம். சான்றிதழ் இல்லை என்று தள்ளிவிட வேண்டாம். அவரைக் கேட்டுப் பார்த்தேன். “சொல்லிக் கொடுக்கக் கூப்புட்டா வராம இருப்பனா டீச்சர்? உக்கார ஒரு ஸ்டூல் மட்டும் போட்டுத் தரச் சொல்லுங்க, முட்டி நிக்க விட மாட்டேங்குது” என்றார்.

கிங்பின், பிரேக், டேப்பட், கார்புரேட்டர் ஆகியவற்றுக்கான அளவுகளையும் வேலை முறையையும் கையேட்டிலிருந்தும் பாயிடமிருந்தும் கேட்டுத் தமிழில், படத்தோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எந்த ஐ.டி.ஐ. ஆசிரியராவது, தோட்டத்து ஜீப் டிரைவராவது கேட்டுத் தங்கள் அலுவலகத்துக்கு எழுதினால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். ஜெராக்ஸ் எடுத்து என் செலவில் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியை,
போடிநாயக்கனூர், தேனி மாவட்டம்.